உப்புக் காற்றில் ஓராண்டு: தொழிற்பயிற்சி கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோரத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்த, சேரவிருக்கிற பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். இயந்திரவியல், கட்டுமானம், மின்துறை வல்லுநர்கள் பதில் சொல்கிறார்கள்.

தங்கச்சிமடம் மாணவர்

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ, சாண்ட்விச் படிப்பு. ஆறு மாதப் பயிற்சிக்கு ஐஸ் கம்பெனிதான் கிடைத்தது. கூடப் படிக்கிறவர்கள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போய்விட்டார்கள். "ஐஸ் உடைக்கிற இடத்தில் என்னடா படிக்கப் போகிறாய்" என்று வீட்டில் கேட்கிறார்கள். வேறு இடம் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. பெரிய ஆலையில் ஆறு மாதமும் ஒரே லைனில் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரலாம். ஐஸ் கம்பெனியில் குளிரூட்டும் அமோனியா சுற்று முழுவதும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறது. கம்ப்ரஸர், கண்டென்சர், ரிசீவர், எக்ஸ்பான்ஷன் வால்வு, பிரைன் (உப்புநீர்) தொட்டிக்குள் காயில் என்று பாடப் புத்தகத்துக் கோட்டுப்படத்தைக் காலால் நடந்து பார்க்கலாம். ஆனால் உட்காரவைத்துச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நீங்கள்தான் அளந்தும் கேட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் ஒரே வேலை. குழாய் ஒவ்வொன்றையும் கண்ணால் தொடர்ந்து போய்ப் படம் வரையுங்கள். வால்வுகளுக்கு எண் போடுங்கள். "இங்கே கசிந்தால் முதலில் எதை அடைப்பீர்கள்?" என்று ஆபரேட்டரிடம் கேட்டு அந்தப் படத்திலேயே குறியுங்கள். இந்தப் படம் மனப்பாடம் ஆகும்வரை எந்த வால்விலும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது கேஜ், அதாவது அழுத்தமானி. பிரைன் மைனஸ் 10 டிகிரி செல்சியசில் நிற்க வேண்டுமானால் காயிலுக்குள் அமோனியா மைனஸ் 16, 18 டிகிரியில் கொதிக்க வேண்டும். மைனஸ் 18க்கு சக்‌ஷன் (உறிஞ்சும் பக்க) கேஜ் ஏறத்தாழ 1.1 பார் காட்டும். கண்டென்சர் பக்கம் 35 டிகிரிக்கு 12.5 பார், 40 டிகிரிக்கு 14.5 பார். இந்த எண்கள் தெரிந்தால் நோய் கண்டுபிடிக்கத் தொடங்கலாம். உதாரணமாக, டிஸ்சார்ஜ் (கம்ப்ரஸர் வெளியேற்றும் பக்க) அழுத்தம் வழக்கத்தைவிட ஏறிவிட்டது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கக்கூடும்: கண்டென்சர் குழாயில் உப்புநீர்ப் படிவு, அல்லது சுற்றுக்குள் காற்று. கண்டென்சரிலிருந்து இறங்கும் திரவக் குழாயில் வெப்பமானியைக் கட்டிப் பாருங்கள். அழுத்தமும் திரவத்தின் வெப்பமும் சேர்ந்து ஏறியிருந்தால் படிவு, அல்லது குளிர்விக்கும் தண்ணீர் போதவில்லை. திரவம் 35 டிகிரியிலேயே நிற்க, கேஜ் மட்டும் 14.5 காட்டினால் காற்று புகுந்திருக்கிறது. அதைத் தண்ணீருக்குள் விட்டு வெளியேற்றுவார்கள். அமோனியா தண்ணீரில் கரையும், காற்று மட்டும் குமிழியாக மேலே வரும். குமிழி நின்றால் வேலை முடிந்தது. நம் கடலோரத்துக் கிணற்று நீரில் படிவு சீக்கிரம் சேரும். கண்டென்சிங் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கம்ப்ரஸரின் மின்செலவு சுமார் 2 முதல் 3 விழுக்காடு கூடும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. முதலாளிக்கு உடனே புரிகிற பாடம் இதுதான்.

பிரைன் தொட்டியைப் பலரும் வெறும் உப்புத்தண்ணீர் என்று விட்டுவிடுகிறார்கள். கறியுப்பு பிரைனில் உப்பு 22 விழுக்காடு இருந்தால் ஹைட்ரோமீட்டர் 1.16க்குச் சற்று மேலே காட்டும், உறைநிலை மைனஸ் 19 டிகிரி. கேனில் (ஐஸ் உறையும் அச்சுப்பெட்டியில்) தண்ணீர் நிரப்பும்போது சிந்திச் சிந்தி அது 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் அடர்த்தி 1.15, உறைநிலை மைனஸ் 16.5. காயில் மைனஸ் 18இல் இருக்கிறதே. அதனால் காயிலைச் சுற்றி ஐஸ் போர்வை கட்டிவிடும், வெப்பம் கடக்காது, கேன் உறையாது. ஆட்கள் கம்ப்ரஸரைக் குறை சொல்வார்கள். அதற்காக உப்பைக் கொட்டிக்கொண்டே போகவும் கூடாது: 23 விழுக்காட்டைத் தாண்டினால் உறைநிலை மறுபடி மேலே ஏறும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கேனின் வாய்ப்பக்கக் குறுகிய அகலத்தை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கி, பிரைன் பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரியோ அதனால் வகுத்தால் உறையும் நேரம் மணியில் வரும். அகலம் 19, பிரைன் மைனஸ் 10 என்றால் ஏறத்தாழ 22 மணி. பிரைன் மைனஸ் 8க்கு ஏறிவிட்டால் 27 மணி. இரண்டே டிகிரியில் ஐந்து மணி நேரம் போய்விடுகிறது. மறுநாள் கடலுக்குப் போகும் படகுக்கு ஐஸ் கிடைக்காமல் போவது இப்படித்தான். நடுவில் வெள்ளையாக, உள்ளே உறையாத தண்ணீரோடு கேனை எடுத்தால் அந்த ஐஸ் பார் மீன்பெட்டிக்குள் சீக்கிரம் உடைந்து கரையும்.

அறிக்கைக்கு வெப்பச் சுமைக் கணக்கும் வேண்டும். 30 டிகிரி தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரக் கிலோவுக்கு 126 கிலோஜூல், உறையவைக்க 334, மைனஸ் 8க்கு இறக்க 17. மொத்தம் 477. ஒரு நாளைக்கு 10 டன் ஐஸ் என்றால் 55 கிலோவாட். சுவர், கிளறி, மூடி வழியாக இழப்பு 20 விழுக்காடு என்று வைத்தால் 66 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 19 டன் குளிர்த்திறன் (ஒரு டன் குளிர்த்திறன் சுமார் 3.5 கிலோவாட்). ஐஸ் டன்னும் குளிர்த்திறன் டன்னும் ஒன்றல்ல. வாய்மொழித் தேர்வில் பலர் தடுமாறுகிற இடம் இது.

அமோனியாவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பதுதான் வேலை நேரத்துக்கான வரம்பு. 300 பங்கு என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. அதிகம் விபத்து நடப்பது எண்ணெய் இறக்கும்போது. எண்ணெய் அமோனியாவைவிடக் கனம், ரிசீவரின் அடியில் சேரும். அதை வடிக்கிறவர் எண்ணெய் தீர்ந்து திரவ அமோனியா பீறிடும் நொடியில் அங்கே இல்லையென்றால் வால்வை அடைக்க முடியாது. கை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் வடியும்போது அதை விட்டு யாரும் நகரக் கூடாது, நீங்கள் தனியாக அதைச் செய்யவே கூடாது. அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று நம்பியும் நிற்காதீர்கள். ஈரக் கடற்காற்றில் பீறிட்ட அமோனியா குளிர்ந்த மூடுபனியாகித் தரையோடு தவழும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாகவே ஓடுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவுமிடம் எங்கே என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். செம்பு, பித்தளை பாகம் எதையும் அந்தச் சுற்றில் மாட்டக் கூடாது, அமோனியா அரித்துவிடும். அவசரத்துக்குச் சாதாரண பித்தளை கேஜை மாட்டுகிற வழக்கம் இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் பட்டதாரி

கேள்வி: பி.இ. முடித்து ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். எனக்கு உதவித்தொகை எவ்வளவு? நிறுவனம் எந்த நேரமும் சரக்கு ஏற்றும் வேலையே கொடுக்கிறது. யாரிடம் சொல்வது?

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் கையெழுத்திட்டது 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படியான ஒப்பந்தமா, அல்லது நிறுவனம் தன் தாளில் அடித்துக் கொடுத்த பயிற்சிக் கடிதமா? தேசிய தொழிற்பயிற்சித் திட்டத்தின் தளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் கீழே சொல்வது முழுமையாகப் பொருந்தும்.

2019இல் திருத்திய விதிகளில் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் குறைந்தபட்சம். இதில் பாதி மத்திய அரசின் பங்கு. உங்கள் ஒப்பந்தத் தேதியில் நடப்பிலிருந்த தொகை எது என்று தளத்திலேயே சரிபாருங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாமல் இருந்தால் அரசின் பங்கு வராமல் நிற்கும், நிறுவனத்தின் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சட்டம் உங்களைப் பயிற்சியாளராகத்தான் பார்க்கிறது, தொழிலாளியாக அல்ல. ஆனாலும் தொழிற்சாலையில் பயிற்சி பெறும்போது தொழிற்சாலைகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி விதிகள் உங்களுக்கும் பொருந்தும். வேலையில் காயம் பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நிறுவனத்துடையது. சரக்கு ஏற்றுவது ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதுவே வேலையாகிவிட்டால், பயிற்சித் திட்டத்தின் நகலைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்தத் தேதி என்ன வேலை என்று உங்கள் ஏட்டில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியத்துக்கு எழுதுங்கள். ஆண்டு முடிவில் சான்றிதழ் தருவதும் அவர்கள்தான் என்பதால் நிறுவனங்கள் அந்தக் கடிதத்தை அலட்சியம் செய்வதில்லை.

மண்டபம் மாணவர்

கேள்வி: சிவில் இறுதியாண்டு. கடலோரத்தில் ஒரு கட்டுமான இடத்தில் பயிற்சி. காலையிலிருந்து கவர் பிளாக் (கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவே வைக்கும் சிறு கட்டை) எண்ணச் சொல்கிறார்கள், கம்பியைத் துடைக்கச் சொல்கிறார்கள். புதிய பாம்பன் பாலம் மாதிரி வேலையில் சேராமல் போனோமே என்று இருக்கிறது.

பதில்: பாம்பனில் செய்ததன் சாரமே நீங்கள் செய்கிற வேலையில்தான் இருக்கிறது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் கடலுப்போடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் செங்குத்தாக ஏறுகிறது. ஊரார் கண்ணில் படுவது அதுதான். நம் கண்ணில் பட வேண்டியது வேறு: துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள். மூன்றும் உப்பை இரும்புக்கு அண்டவிடாமல் நிறுத்துகிற வேலை. மண்டபத்தின் கடற்காற்று எவ்வளவு கொடியது என்பதை அளக்கக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்கள் ஊரிலேயே உலோகத் துண்டுகளை வெளியில் வைத்துச் சோதித்திருக்கிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456 கடலோரத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு எம் 30 என்ற வலிமைத் தரம், கம்பிக்கு மேல் மூடு 45 மில்லிமீட்டர். அலைச்சாரல் அடிக்கும் இடத்துக்கு எம் 35, தண்ணீர்–சிமெண்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, கன மீட்டருக்குக் குறைந்தது 340 கிலோ சிமெண்ட், மூடு 50. ஏற்றவற்றம் தொட்டுத் தொட்டுப் போகும் பகுதிக்கு எம் 40, 0.40, 360 கிலோ, மூடு 75. முழுக்கக் கடலுக்குள் மூழ்கிய தூணைவிட அலை நனைத்து வெயில் காயவைக்கும் இடம்தான் மோசம். நனைந்து காய்ந்து உப்பு செறியும், கூடவே ஆக்சிஜனும் கிடைக்கும். தூணில் வெடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பழைய ஜெட்டி ஏதாவதைப் போய்ப் பாருங்கள், தெரியும்.

கவர் பிளாக்கை எண்ணுவது ஏன் என்றால், குளோரைடு கம்பியை எட்டும் காலம் மூடின் தடிமனோடு அல்ல, தடிமனின் வர்க்கத்தோடு போகிறது. 50 இருக்க வேண்டிய இடத்தில் 25 ஆகிவிட்டால் ஆயுள் பாதியாகாது, கால்வாசியாகும். மேலே தங்கச்சிமடம் தம்பிக்குச் சொன்ன ஐஸ் உறையும் கணக்கிலும் இதே வர்க்கம்தான் வருகிறது. ஊடுருவும் எதற்கும் இயற்கை இந்தக் கணக்கையே வைத்திருக்கிறது. ஆகவே ஒரு சதுர மீட்டரில் எத்தனை பிளாக், கான்கிரீட் கொட்டும்போது மிதித்து எத்தனை விழுந்தன என்று இரண்டையும் எழுதுங்கள். பிளாக்கும் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்ததாக இருக்க வேண்டும். மணலும் சிமெண்டும் பிசைந்து வெயிலில் காயவைத்த பிளாக் உப்புக்கு நாமே திறந்து வைக்கிற வாசல். ஓட்டுத் துண்டு, மரத்துண்டு வைத்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கட்டுக்கம்பியின் முனை உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் முதலில் துருப்பொட்டாக வெளியே தெரியும்.

கம்பியைத் துடைப்பதும் அப்படித்தான். கரையோரம் அடுக்கிய கம்பியில் லேசான செந்துரு பெரிய கெடுதல் இல்லை, அதன்மேல் படிந்த உப்புதான் கெடுதல். கம்பித் தூரிகையால் தேய்த்தால் துரு போகும், உப்பு போகாது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. கடல்நீரில் சுமார் 19,000. கன மீட்டருக்கு 160 லிட்டர் கடல்நீர் ஊற்றினால் 3 கிலோ குளோரைடு உள்ளே போகிறது. அனுமதி மொத்தமே 0.6 கிலோ, ஐந்து மடங்கு. தண்ணீர் லாரி எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும், கோடையில் அதே கிணறே உவர்க்கும். சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் வெள்ளையாகக் கலங்கும். நேற்றைய தண்ணீரோடு ஒப்பிட அது போதும், எண் வேண்டுமென்றால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நீராற்றவும் (கொட்டிய கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கவும்) உவர்நீர் கூடாது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், ஃப்ளை ஆஷ் அல்லது ஸ்லாக் கலந்ததற்கு 10 நாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தளம் போட்ட சிறிது நேரத்திலேயே மேற்பரப்பு காய்ந்து மயிரிழை வெடிப்பு ஓடும். ஈரச் சாக்கு தயாராக இருந்த பிறகு கலவையை இறக்கச் சொல்லுங்கள்.

ஏர்வாடி மாணவர்

கேள்வி: பயிற்சிக்குப் போகும்போது என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

பதில்: இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி, பருத்தி முழுக்கைச் சட்டை, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 150 மில்லிமீட்டர் வெர்னியர், சிறிய டார்ச், தையல் கட்டுக் குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம். வியர்வைக் கையில் மை கரையும். வெர்னியரை வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி உறையில் போடுங்கள். தவறினால் ஒரே வாரத்தில் தாடையில் துருப்புள்ளி வரும், அதன் பிறகு அது அளப்பதை நம்ப முடியாது. காலணியை நிறுவனம் தருகிறதா என்று கேட்ட பிறகு வாங்குங்கள்.

கீழக்கரை தாயார்

கேள்வி: என் மகள் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். பயிற்சி இடம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஷிப்ட் உண்டு என்கிறார்கள். அனுப்பலாமா என்று வீட்டில் ஒரே யோசனை. என்ன விசாரிக்க வேண்டும்?

பதில்: அனுப்புங்கள் அம்மா, விசாரித்துவிட்டு அனுப்புங்கள். ஷிப்ட் நேரம், அந்த நேரத்தில் வண்டி யார் ஏற்பாடு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடைமாற்றும் இடமும் உண்டா, மகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் யார், அந்த ஷிப்டில் வேறு பெண்கள் இருக்கிறார்களா. இவற்றைக் கல்லூரியின் பயிற்சி அலுவலர் வழியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் இருக்கும்மா" என்ற வாய்வார்த்தை போதாது. கூடுமானால் சேர்வதற்கு முன் ஒரு நாள் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளருக்கும் அப்ரண்டிஸுக்கும் சேர்த்தே பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதன் விவரம் சுவரில் தெரிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகார் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். இதை மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஒன்று நடந்த பிறகு சட்டம் தேடுகிற நிலை வரக் கூடாது.

ராமேசுவரம் மாணவர்

கேள்வி: படகு எஞ்சின் பட்டறையில் பயிற்சி. எந்த மாதம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

பதில்: கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கரையேறுவது அப்போதுதான். ஷாஃப்ட், புரொப்பெல்லர், ஸ்டெர்ன் டியூப், துத்தநாகக் கட்டி எல்லாம் கைக்கு எட்டுவது அந்த இரண்டு மாதம். அந்த நாட்களில் விடுப்பு எடுக்காதீர்கள். எஞ்சினுக்குள் நடப்பதை மற்ற மாதங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

துத்தநாகக் கட்டி எஃகுக்கும் வெண்கலத்துக்கும் பதிலாகத் தான் கரைவதற்காகவே மாட்டியது. பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு வருடம் ஆகியும் புதிதுபோல இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள், அல்லது அடியில் துருவின் மேல் போல்ட் போட்டதால் உலோகத் தொடர்பு இல்லை. அப்படியானால் அந்த வருடம் கரைந்தது ஷாஃப்டும் புரொப்பெல்லரும்.

கப்ளிங் அலைன்மெண்டை (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இணைகின்றனவா என்பதை) கரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் வளையும், மரப்படகு ஊறவும் நாளாகும். மிதந்து நிலைத்த பிறகு ஃபீலர் கேஜால் மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் இடைவெளி எடுங்கள். 150 மில்லிமீட்டர் ஃபிளாஞ்சுக்கு (இணைப்புத் தட்டுக்கு) வித்தியாசம் 0.15க்குள் இருக்க வேண்டும். பிறகு ஷாஃப்ட் பக்க ஃபிளாஞ்சை மட்டும் கால் சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். அகன்ற இடைவெளி ஃபிளாஞ்சோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது ஃபிளாஞ்ச் கோணல். இருந்த இடத்திலேயே இருந்தால் எஞ்சினைத்தான் நகர்த்த வேண்டும். இதைப் பார்க்காமல் எஞ்சின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுக்கொண்டே போவது பட்டறைகளில் நடக்கிற வீண்வேலை.

கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு நிற்காதீர்கள். உடைந்த துண்டு எங்கே என்று தேடி எடுங்கள். அது குளிர்விப்பான் வாயில் அடைத்துக்கொண்டு அடுத்த பயணத்தில் நடுக்கடலில் எஞ்சினைச் சூடேற்றும். கடல்நீர் நேராகவே எஞ்சினுக்குள் ஓடும் வகை என்றால் 60 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது, உப்பு உள்ளே படிந்து வழியை அடைக்கும்.

கமுதி மாணவி

கேள்வி: சூரிய மின்நிலையத்தில் பயிற்சி. அதிகாலையில் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்தால் சில ஸ்ட்ரிங்குகள் (தொடராக இணைத்த பேனல் வரிசைகள்) கெட்டதாகக் காட்டுகின்றன, மதியம் நன்றாக இருக்கின்றன. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும், நேரத்தோடும் பனி இருந்ததா என்ற குறிப்போடும். அதிகாலை ஈரத்தில் குறைந்து மதியம் மீள்கிறதென்றால் ஈரம் எங்கோ உள்ளே போகிறது. இணைப்பியின் சீல், வெட்டுப்பட்ட கேபிள், ஜங்ஷன் பெட்டி என்ற வரிசையில் தேடுங்கள். இரு வேறு தயாரிப்பாளரின் இணைப்பிகளைப் பொருத்தியிருந்தால் முதலில் அங்கே பாருங்கள். கையில் இறுகப் பொருந்தியது போலத் தெரியும், உள்ளே தொடுபரப்பு ஒத்துப்போகாமல் சூடேறிக் கருகும். ஸ்ட்ரிங்கில் மின்னோட்டம் இருக்கும்போது இணைப்பியைப் பிடுங்கக் கூடாது. நேர்மின்னோட்டம் மாறுமின்னோட்டம் போலப் பூஜ்யத்தைக் கடப்பதில்லை, ஆகவே எழுந்த தீப்பொறி தானாக அணையாது. 1,000, 1,500 வோல்ட்டில் அது கையைத் தின்றுவிடும். இன்வெர்ட்டரை நிறுத்தி, ஐசொலேட்டரைத் திறந்து, கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் இல்லை என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

கமுதி கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. 2016இல் 648 மெகாவாட்டோடு தொடங்கிய பெரிய நிலையம் அங்கே அமைய நல்ல வெயிலும் விரிந்த நிலமும் வேண்டியிருந்தன. அந்த வெயிலே ஒரு பாடம். பேனலின் வெப்பம் 25இலிருந்து 60 டிகிரிக்குப் போனால், டிகிரிக்கு 0.35 விழுக்காடு என்ற அளவில் 12 விழுக்காடு திறன் போய்விடும். உச்சிவெயிலில் மின்உற்பத்தி வரைபடம் ஏன் தட்டையாகிறது என்று கேட்டால் இன்வெர்ட்டர் வரம்பா, வெப்பமா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

உங்கள் தோழிகள் யாராவது கடலை ஒட்டிய துணைமின் நிலையத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று. பீங்கான் இன்சுலேட்டரில் உப்பு உலர்ந்து கிடக்கும்வரை தீங்கில்லை. விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் மின்கசிவு ஓடி, தீப்பொறி தாவும். கனமழை கழுவிவிடும், பனி கழுவாது. மிகக் கடுமையான மாசுப் பகுதிக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் மேற்பரப்புத் தூரம் என்பது பழகிய அளவு. 110 கிலோவோல்ட் லைனுக்கு உச்ச மின்னழுத்தம் 123 என்று எடுத்தால் 3,813 மில்லிமீட்டர் வருகிறது. யார்டில் இருக்கும் இன்சுலேட்டரின் விவரத் தாளை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொண்டி மாணவர்

கேள்வி: தினக்குறிப்பு எப்படி எழுதுவது? கல்லூரி ஒரு படிவம் தந்திருக்கிறது, அதில் "இன்று செய்த வேலை" என்று ஒரே கட்டம்தான்.

பதில்: படிவத்தைக் கல்லூரிக்கு நிரப்பிக் கொடுங்கள். உங்களுக்கென்று வேறு ஏடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாளுக்கு ஒரு பக்கம்: நேரம், அளந்த எண், வழக்கமான எண், வித்தியாசத்துக்கு நீங்கள் நினைத்த காரணம், உண்மையில் இருந்த காரணம், செய்த வேலை, அதன் பிறகு மறுபடி அளந்த எண். "நினைத்த காரணம்" என்பதை அடித்துத் திருத்தாதீர்கள். தவறாக நினைத்ததும் அப்படியே இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கேதான் விழும், பதிலும் அங்கேதான் இருக்கும். "பராமரிப்பு செய்யப்பட்டது" என்பது போன்ற வரிகளுக்கு ஏட்டில் இடம் தராதீர்கள். நிறுவனத்தின் வரைபடத்தை, பேனலைப் படமெடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள், மறுத்தால் கையால் வரையுங்கள்.

ஒரு ஐஸ் கம்பெனிப் பக்கம் இப்படி இருக்கலாம்: "காலை 6.10. டிஸ்சார்ஜ் 14.5 பார், வழக்கம் 12.5. திரவக் குழாய் 40 டிகிரி, வழக்கம் 35. நினைத்த காரணம்: காற்று. உண்மைக் காரணம்: கண்டென்சருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் வடிகட்டியில் பாசி. அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே ஏறியிருந்தன, கவனிக்கவில்லை. வடிகட்டி கழுவி 7.30க்குப் பார்த்தபோது 12.7 பார், 35.5 டிகிரி."